மடியில் தக்காளிச் சோறு

சூடு இன்னும் ஆறவில்லை. துண்டை நான்காக மடித்து அடியில் வைத்திருக்கிறேன், அதையும் மீறி வேட்டிக்குள் இறங்கித் தொடையில் பரவுகிறது. தூக்குவாளியின் மூடி சரியாக உட்காராது, எப்போதோ கீழே விழுந்து நசுங்கியது, அதனால் ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டே வருகிறேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் டிக்கியில் இருக்கின்றன. தயிர்ச்சோறு கஸ்தூரியின் காலடியில். இது மட்டும் என் மடியில். கிளம்பும்போது அவள்தான் கொண்டுவந்து வைத்தாள். "நீங்களே வச்சுக்கங்க. உங்க தக்காளி" என்றாள். முன்சீட்டில் அவளுடைய அண்ணன் சிங்காரவேலு உட்கார்ந்து ஓட்டுநரிடம் டயர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். மகள் மதிக்கு ஐந்தாம் மாதம். பிறந்த வீட்டிலிருந்து வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், அவள் புகுந்த வீட்டில் அவளை உட்காரவைத்துப் பரிமாற வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு எவ்வளவு தூரம், ஒன்றரை மணி நேரம், ஊர் எல்லை தாண்டியாகிவிட்டது, இடதுபக்கம் மலை கூடவே வருகிறது. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதற்கு நேரம் இருக்கிறது? சொல்வதற்கு. ஒரு வரிதான். கஸ்தூரி, அந்தத் தக்காளிக்கு நான் பூச்சிமருந்து அடித்திருக்கிறேன். இவ்வளவுதான். அவள் என் பக்கத்தில்தான் இருக்கிறாள், முழங்கை முழங்கையில் இடிக்கிறது, தலையில் வைத்த மல்லிகை வாடாமல் மணக்கிறது. அதற்குக் கீழே தக்காளி மணம், வதக்கின வெங்காயமும் பட்டையும் கலந்த மணம், அதற்கும் கீழே வேறொன்று. அந்த வேறொன்று இந்த வாளியில் இல்லை, என் மூக்கில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போன வாரத்திலிருந்து எதை மோந்தாலும் அது வருகிறது. காப்பியில் வருகிறது. ஆபீஸில் வரைபடத் தாளைப் பிரித்தால் வருகிறது.

அன்று சாயங்காலம் வெளிச்சம் குறைகிற நேரத்தில்தான் அடித்தேன். பக்கத்து மாடியில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டேன். தன் வீட்டு மாடியில் தன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் எதற்கு அக்கம்பக்கம் பார்க்க வேண்டும்? மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிற அதே டப்பாவில் ஊற்றி, பொய்யைப் பார், அதே டப்பா, யாராவது வந்தால் வேப்பெண்ணெய் என்று சொல்லிவிடலாம். நான் எல்லாம் செய்து பார்த்தேன். வேப்பெண்ணெய் அடித்தேன், புளித்த மோர் அடித்தேன், இஞ்சியும் பூண்டும் பச்சைமிளகாயும் அரைத்துக் கரைத்து அடித்து இரண்டு நாள் கண் எரிந்தது. புழு போகவில்லை. காம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசித்துளை, வெளியே பார்த்தால் வழவழவென்று நல்ல காய், உள்ளே அது படுத்துக்கொண்டு தின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு காயாகக் கிள்ளி எறிந்தேன். அப்போது குழுவிலிருந்து செய்தி வந்தது. மாடித்தோட்டக் குழு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்தைப் பார்க்க எல்லாரும் வருகிறோம் சார், வீடியோ எடுக்கிறோம், 'நஞ்சில்லா விளைச்சல்' என்று தலைப்பு வைத்திருக்கிறோம். கைகூப்பும் படம், பூங்கொத்துப் படம், கட்டைவிரல் படம். முப்பது வருஷமாக நில அளவை ஆபீஸில் கோடு போடுகிறேன். நான் போட்ட கோட்டில் ஜனங்கள் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், ஒருவரும் என்னை சார் நீங்கள் போட்டால் போட்டதுதான் என்று சொன்னதில்லை. இந்தக் குழுவில் சொன்னார்கள். ஒரு தடவை யாரோ ஒரு பெண் குழுவில் கேட்டாள், வெள்ளை ஈ தாங்கவில்லை, கொஞ்சமாகக் கடை மருந்து அடிக்கலாமா என்று. அதற்கு நான், நானே, என் விரலால், 'அதற்குப் பேசாமல் கடைத் தக்காளியே வாங்கிச் சாப்பிடலாமே அம்மா' என்று எழுதினேன். எத்தனை கட்டைவிரல். அவள் அப்புறம் குழுவில் எதுவுமே கேட்கவில்லை. உரக்கடைக்காரர் என்னிடம் பாட்டிலைக் கொடுக்கும்போது, அடிச்சதுக்கப்பறம் ரெண்டு வாரத்துக்குக் காயத் தொடாதீங்க சார் என்றார். சரி என்றேன். ரெண்டு வாரம்தானே. வீடியோவில் செடி நன்றாக இருந்தால் போதும், யார் பறித்துத் தின்னப் போகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாளே புழுக்கள் துளைக்கு வெளியே தலையை நீட்டியபடி செத்துக் கிடந்தன. எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்று போட்டிருந்த சட்டையை நானே குளியலறையில் அலசி நானே கொடியில் போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு கைக்குட்டைகூட அலசியதில்லை. கஸ்தூரி கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேறு துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"மாப்ள, வாளிய ஏன் குழந்தையத் தூக்கி வச்ச மாதிரி வச்சிருக்கீங்க?" சிங்காரவேலு மச்சான் திரும்பிப் பார்க்கிறார். "இப்பவே பழகிக்கறீங்களாக்கும்." ஓட்டுநர் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், என் முகம் சிரிக்கிறது, எனக்குத் தெரிகிறது. கஸ்தூரி சிரிக்கவில்லை. "மூடி லூசு அண்ணே, அதான்" என்கிறாள். மச்சான் விடுவாரா. "மாடில தக்காளி போட்டாலும் போட்டாரு, ஊரெல்லாம் இவரு பேச்சுதான். எங்க தெருவுல ஒருத்தன் கேக்கறான், உங்க மச்சினன் ஏதோ இயற்கை விஞ்ஞானியாமேன்னு." நான் மூடியை இன்னும் கொஞ்சம் அமுக்குகிறேன். மச்சான் நல்ல மனுஷர், அவர் சொல்வதில் குத்தல் கிடையாது, அதனால்தான் குத்துகிறது. காலையிலும் இவர்தான். சோறு கட்டுவது அடுத்த மாதம் என்றுதான் முதலில் பேச்சு. சம்பந்தி வீட்டில் பங்காளி ஒருவர் படுக்கையில் இருக்கிறார், தீட்டு வந்துவிட்டால் தள்ளிப்போய்விடும், இந்த வாரமே செய்துவிடலாம் என்று நேற்றுதான் போன் வந்தது. குழுவையும் அடுத்த வாரம் வரச் சொல்லியாயிற்று. போனை வைத்ததும் கஸ்தூரி எந்தெந்தச் சோறு என்று சொல்லிக்கொண்டே வந்தாள், தக்காளி என்று சொல்லி நிறுத்தினாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் அடுப்படியிலிருந்து கேட்டாள். "ஏங்க, தக்காளி மாடியில பறிக்கட்டுமா, இல்ல கடையில வாங்கிக்கட்டுமா?" சாதாரணமாகத்தான் கேட்டாள். இதைவிட யார் எனக்கு வழிவிட முடியும்? கடையில் வாங்கு என்றால் முடிந்தது. காய் போதாது, பழுக்கவில்லை, அணில் கடித்துவிட்டது, எத்தனை இருக்கிறது சொல்ல. அதற்குள் மச்சான், காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர், "கடைத் தக்காளியா? என்ன கஸ்தூரி, மாப்ளைய அவமானப்படுத்தறியா?" என்றார். நான் சொன்னேன். "நம்மதே இருக்கே." சொல்லிவிட்டு நானே கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். போகிற படியெல்லாம் இப்போதுகூடத் திரும்பலாம், இப்போதுகூடத் திரும்பலாம் என்றுதான் ஏறினேன். பழம் ஒவ்வொன்றும் அவ்வளவு அழகாக இருந்தது. புழுத் துளை ஒன்றுகூட இல்லை.

கழுவினேன். அது உண்மை. உப்புத் தண்ணீரில், அப்புறம் மஞ்சள் தண்ணீரில், அப்புறம் வெறும் தண்ணீரில். கைவிரல் ஊறிச் சுருங்கும்வரை கழுவினேன். கஸ்தூரி வந்து நின்று பார்த்தாள். "மருந்தில்லாத தக்காளிய எதுக்குங்க இத்தனை தடவ கழுவறீங்க?" என்றாள். மாடியில் தூசி என்றேன். காக்கா என்றேன். இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம், இரண்டையும் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, தேங்காய் ஒன்று குறைகிறது என்று தெருமுனைக் கடைக்குப் போனாள், நான் குளிக்கப் போனேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கணக்குப் போட்டேன், அடித்து எத்தனை நாள், வெயில் எவ்வளவு, கழுவியதில் எவ்வளவு போயிருக்கும், வதக்குகிற சூட்டில் எவ்வளவு போகும். எனக்கு எதுவும் தெரியாது. உரக்கடைக்காரர் சொன்ன ஒன்றுதான் தெரியும், அந்த ரெண்டு வாரத்தில் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இன்னும் பாதிகூட ஆகவில்லை. நான் குளித்துவிட்டு வந்தபோது வாணலியில் தக்காளி வெந்து சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற நிம்மதி. வெட்கம்கெட்ட நிம்மதி அது. இப்போது வாளியின் சூடு தொடையில் சுடும்போது, அந்த நிம்மதியைத்தான் யாரோ காய்ச்சி என் மடியில் வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

மதிக்குப் போன வருஷம் ஒன்று தங்கி மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தோம். அவர் போனை வெறுமனே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் எதிர்ச் சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பு என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ ஒரு தாலுகா மாதிரி இருந்தது. டாக்டர் வந்து, இது பலருக்கும் நடப்பதுதான், யார்மேலும் தப்பில்லை, காரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றார். காரணம் சொல்ல முடியாது என்றால் அது எதுவாகவும் இருக்கலாமே. தண்ணீராக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், கடையில் வாங்குகிற காயாக இருக்கலாம். மதி வீட்டுக்கு வந்து பத்து நாள் படுத்திருந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அப்பா, நான் என்ன தப்பாச் சாப்பிட்டேன்?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன். ஒன்றுமில்லம்மா என்றேன். அந்த வாரம்தான் நான் மூன்று சிமெண்டுத் தொட்டி வாங்கிக்கொண்டு வந்து மாடியில் வைத்தேன். நாட்டுத் தக்காளி விதை தேடி அலைந்தேன். அவள் அடுத்த தடவை வரும்போது, இதைத் தைரியமாகத் தின்னு என்று ஒரு பொருளை அவள் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இருந்தது. அப்போது குழு கிடையாது, போட்டோ கிடையாது. முதல் பழத்தை அவள்தான் பறித்தாள், புடவையில் துடைத்துவிட்டு அப்படியே கடித்தாள், சாறு முழங்கைவரை வழிந்தது. "புளிக்குதுப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், சிரித்தாள். அத்தனை நாளுக்கப்புறம் அன்றுதான் சிரித்தாள். அதை நான் போட்டோ எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தது எல்லாம் தக்காளியை. எப்போது மாறியது? ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. செடியில் நோய் வருகிற மாதிரி, இலையின் ஓரத்தில் ஒரு சுருக்கம், வெயிலாக இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். போன மாதம் போனில் சொன்னாள், எதை வாயில் வைத்தாலும் குமட்டுகிறது, உன் தக்காளிச் சோறு மட்டும் கேட்குதுப்பா, வேற எங்க தக்காளியும் எனக்குப் பயமா இருக்கு. பயமா இருக்கு என்றாள். இந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் நான் மருந்து வாங்கப் போனேன். அதற்கு முன்னால் இல்லை. அதற்குப் பின்னால்.

ஒட்டன்சத்திரம் வந்துவிட்டது. மார்க்கெட் தாண்டி ரோட்டோரத்தில் தக்காளி கொட்டிக் கிடக்கிறது, விலை இறங்கிப்போனதால் யாரோ கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், மாடு ஒன்று நின்று தின்கிறது. "பாருங்க சார், வீணா" என்கிறார் ஓட்டுநர். "ஆனா மாடு திங்கறதே தப்பு. எல்லாம் மருந்துலயே முக்கி எடுக்கறது." மச்சான், "நம்ம வாளில இருக்கறது சுத்தத் தங்கம்யா, தெரியும்ல" என்கிறார். பாருங்கள், ஊரே தின்கிறதே. இந்தச் சாலையில் போகிற எல்லாரும் இந்தத் தக்காளியைத் தின்றுவிட்டுப் பிள்ளை பெற்றுக்கொண்டுதானே இருக்கிறார்கள். என்னுடையதில் அப்படி என்ன கூடுதலாக இருந்துவிடப் போகிறது? இப்படி நினைத்ததும் உடம்பு லேசாகிறது, ஒரு விநாடிதான், உடனே அந்தப் பாட்டிலின் நிறம் ஞாபகம் வருகிறது, அது தண்ணீரில் விழுந்ததும் பாலாக வெளுத்தது ஞாபகம் வருகிறது. விவசாயி சந்தைக்கு அனுப்புகிறான், யார் தின்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். மூடியை விட்டுவிடலாம். அடுத்த வேகத்தடையில் கையை எடுத்துவிட்டால் போதும், சாய்ந்து, சீட்டெல்லாம், என் வேட்டியெல்லாம். கட்டுச்சோறு வழியில் கொட்டினால் கஸ்தூரி என்ன ஆவாள்? அபசகுனம் என்று அழுவாள், மதியின் மாமியாரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பாள், குழந்தை பிறக்கிறவரை நடுங்குவாள். அதைவிட ஒரு வரி சொல்வது எளிதில்லையா? வேகத்தடை வருகிறது. என் கை மூடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. என் கையைப் பார்க்கிறேன், யார் கை மாதிரியோ இருக்கிறது.

மச்சானுக்கு டீ வேண்டும். கார் நிற்கிறது, அவரும் ஓட்டுநரும் இறங்கிக் கடைப் பக்கம் போகிறார்கள். கஸ்தூரி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது. இதைவிட நல்ல சமயம் வராது. பழனியில் ஓட்டல் இருக்கிறது, வெண்பொங்கலோ எதுவோ வாங்கிக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம், சொன்னால் அவளே வழி சொல்வாள், இருபத்தொன்பது வருஷமாக அவள்தானே வழி சொல்கிறாள். "ஏங்க" என்கிறாள், திரும்பாமல். "ம்" என்கிறேன். "கிளம்பினதுலேர்ந்து ஒரு வார்த்த பேசல. ஏதாவது சொல்லணுமா?" அவள் குரலில் கோபமில்லை. ஏதோ தாளிக்கிற கடுகு வெடிக்கட்டும் என்று காத்திருக்கிறவளைப் போல இருக்கிறாள். சொன்னால் என்ன நடக்கும்? கத்த மாட்டாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகவா நான் என் மகளை? இல்லை, அந்தப் பார்வைக்குப் பின்னால் அவள் மச்சானிடம் சொல்வாள், மச்சான் சிரிப்பார், தெருவில் சொல்வார், குழுவுக்குப் போகும், அந்தப் பெண், வெள்ளை ஈ கேட்ட பெண், அவளுக்கும் போகும். இதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் மதியை வைத்து நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிகிறது, தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. "தல வலிக்குது" என்கிறேன். கஸ்தூரி திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள், கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறாள். பிறகு கைப்பையைத் திறந்து தைலப் புட்டியை எடுத்து நீட்டுகிறாள். "பூசிக்கங்க." ஒரு கை மூடியில் இருக்க, இன்னொரு கையால் நெற்றியில் தேய்த்துக்கொள்கிறேன். வலிக்காத தலையில் தைலம் எரிகிறது.

ஆயக்குடி கொய்யாக் கடைகள், குளம், தூரத்தில் மலைமேல் கோபுரம். மச்சான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, வேண்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. தெருவுக்குள் திரும்பும்போதே மதி வாசலில் நிற்பது தெரிகிறது, பச்சைப் புடவை, கை வயிற்றின் மேல், அது அவளுக்கே தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிற கை. சம்பந்தி துரைக்கண்ணு, "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க, வெயிலுக்கு முன்னாடி வந்துட்டீங்க" என்று வாளியை வாங்கக் கை நீட்டுகிறார். நான் கொடுக்காமல் நிற்கிறேன். "அட, குடுங்க, நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன்" என்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், வாளி என் கையிலிருந்து போகிறது. தொடையில் சூடு இருந்த இடம் சட்டென்று குளிர்கிறது. கூடத்தில் கோலம் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். மதியைக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்து, பூ வைத்து, சந்தனம் பூசி, தலைவாழை இலை போடுகிறார்கள். அவளுடைய மாமியார் பரமேஸ்வரி அம்மாள் தண்ணீர் தெளிக்கிறார். கஸ்தூரி இனிப்பு வைக்கிறாள், ஒவ்வொரு சோறாக வைத்துக்கொண்டு வருகிறாள். நான் சுவரோரமாக நிற்கிறேன். "அம்மா, தக்காளிச் சோறு போடும்மா, வாசல்லயே மணக்குது" என்கிறாள் மதி. கஸ்தூரி கரண்டியோடு நிமிர்ந்து, எல்லாரையும் தாண்டி, என்னைப் பார்க்கிறாள். கரண்டி வாளிக்குமேல் நிற்கிறது. எத்தனை நேரம் நின்றது என்று சொல்ல முடியாது, நீண்ட நேரம் நின்றது. இப்போது சொல். வாயைத் திற. மதி வேண்டாம். நாலே எழுத்து, வேண்டாமே போதும். என் வாய் திறந்தும் இருந்தது, அதில் காற்றுதான் இருந்தது. கரண்டி இறங்குகிறது. சோறு இலையில் விழுகிறது. மதி பிசைந்து ஒரு வாய் எடுக்கிறாள், வாயில் வைக்கிறாள், மெல்லுகிறாள், விழுங்குகிறாள். அவள் தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கை அப்போதுதான், எல்லாம் ஆன பிறகு, முன்னால் நீண்டது. எதற்கு நீண்டது என்று எனக்கே தெரியவில்லை. மதி அதைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பாவுக்குப் பசி பாரேன். இந்தா, தோட்டக்காரருக்கு ஒரு வாய்." ஒரு உருண்டை பிடித்து என் உள்ளங்கையில் வைத்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இது எனக்கும் சேரட்டும், அவளுக்கு என்ன ஆகிறதோ அது எனக்கும் ஆகட்டும் என்று அவசரமாக மென்றேன். பிறகு மெல்லுவதை நிறுத்தினேன். இனித்தது. புளிப்பே இல்லை. தோல் சுருண்டு தடிப்பாக, பிளாஸ்டிக் மாதிரி பல்லில் மாட்டியது. என் தக்காளிக்குத் தோல் இப்படி இருக்காது, வதக்கினால் இருக்கிற இடம் தெரியாது, புளிப்பு காதுக்குக் கீழே இழுக்கும். இது என் தக்காளி இல்லை. கஸ்தூரி அடுத்த கரண்டி எடுக்கக் குனிந்தவள், என் பக்கமாக வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கடையில வாங்கினது. உங்களுது வீட்ல பக்கெட்டுல கெடக்கு" என்றாள். தேங்காய் வாங்கப் போன பை. கொடியில் தொங்கிய சட்டை. உங்க தக்காளி என்று சொல்லி அவள் என் மடியில் வைத்த வாளி. ஒன்றரை மணி நேரமும் அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எதுவரை போவேன் என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கடைசிவரை போனேன். வாயில் இருந்ததை விழுங்கினேன்.

"எல்லாம் உங்க மாடில வெளஞ்சதுதானே சம்பந்தி?" என்று பரமேஸ்வரி அம்மாள் கேட்டார். கஸ்தூரி வாளியின் மூடியைத் திருகி உட்காரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லைங்க" என்றேன். என் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது, எனக்கே ஆச்சரியம். "இது கடைத் தக்காளி. எங்க தக்காளிக்குப் போன வாரம் பூச்சிமருந்து அடிச்சிட்டேன். புழு தாங்கல." "என்ன மாப்ள சொல்றீங்க?" என்றார் மச்சான். அப்புறம் துரைக்கண்ணு என் தோளில் தட்டினார். "இதுல என்ன இருக்கு சம்பந்தி. மறைக்காமச் சொன்னீங்க பாருங்க, அது பெருசு. எத்தன பேரு இப்படிப் பத்துப் பேரு முன்னாடி ஒத்துக்குவான்?" பரமேஸ்வரி அம்மாள் ஆமாமாம் என்று தலையாட்டினார், மகளுக்காக எவ்வளவு பார்க்கிறார் என்றார். மச்சான்கூட, "பெரிய மனசு மாப்ள" என்றார். அந்தப் புகழ்ச்சியின் நடுவில் நின்றேன், தோளில் சம்பந்தியின் கை இருந்தது, அதை எடுக்கச் சொல்லவும் முடியவில்லை. மதி மட்டும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். விரல் இலையிலேயே இருந்தது. சின்ன வயதில் கணக்குப் போடும்போது இப்படித்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரிடத்தையே பார்ப்பாள்.

"அப்பா" என்றாள்.

"என்னம்மா."

"அம்மா கடையில வாங்குனது உனக்கு எப்பத் தெரியும்?"

துரைக்கண்ணுவின் கை தோளில்தான் இருந்தது. கஸ்தூரி மூடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். எங்கள் மூன்று பேரைத் தவிர அந்தக் கேள்வி அங்கே யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. தேங்காய் வாங்கப் போனபோதே என்று சொல்லலாம். அடுப்பில் பார்த்தேன் என்று சொல்லலாம். கஸ்தூரி காட்டிக்கொடுக்க மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும்.

"இப்பத்தான்" என்றேன். "வாயில வச்சப்பதான்."

மதி தலையசைத்தாள். இலையில் இருந்த தக்காளிச் சோற்றைப் புறங்கையால் மெதுவாக ஓரத்துக்கு ஒதுக்கினாள், ஒரு பருக்கைகூட மற்ற சோற்றோடு கலக்காமல். பிறகு என் பக்கம் பார்க்காமல், "அம்மா, தயிர்ச்சோறு போடு" என்றாள்.